தெமெங்கோர் ஏரியில் படகு வீடு எடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: எங்கள் 3,600 ரிங்கிட் போன கதை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், வட பேராக்கில் இருக்கும் தெமெங்கோர் ஏரிக்குப் போகலாம் என்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலர் பேசிக்கொண்டிருப்பதால், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். கடந்த சனிக்கிழமை நாங்கள் பன்னிரண்டு பேர் தலைக்கு 300 ரிங்கிட் கட்டி, ஆக மொத்தம் 3,600 ரிங்கிட்டைப் பறிகொடுத்துவிட்டு, படகில் கால்கூட வைக்காமல் வீடு திரும்பினோம்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்து, இன்று ஜொகூர், கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் நண்பர்கள் ஓர் இரவையாவது ஏரியில் கழிக்கலாம் என்று திட்டமிட்டிருந்தோம். சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் படகு வீடு வாடகைக்கு விடும் முகவர் ஒருவரின் விளம்பரத்தைப் பார்த்தோம். மேல்தளத்தில் மெத்தைகள், கரோக்கே, நீர்வீழ்ச்சிக்கு விசைப்படகு, ஓராங் அஸ்லி பழங்குடியினர் கிராமம் என்று படங்களோடு எல்லாம் இருந்தது. மற்றவர்கள் கேட்ட விலைக்கும் இதற்கும் நூறு இருநூறு ரிங்கிட்தான் வித்தியாசம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

எங்களை வீழ்த்தியது அந்த ஆளின் பேச்சு. முதல் குரல்பதிவிலேயே, "அண்ணே, எங்க தாத்தாவும் பால்மரம் வெட்டுனவருதான், நம்மாளுங்க காச தின்னா எனக்குச் செரிக்குமா?" என்றான், பின்னணியில் ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. ராயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி எல்லோருடைய அடையாள அட்டை எண்களையும் கேட்டான். அப்படி ஓர் அனுமதி உண்மையிலேயே தேவை, அதற்குப் பெயர்ப்பட்டியலும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மெய்யான விதியைக் காட்டித்தான் பொய்யை நுழைத்திருக்கிறான். முன்பணம் 1,800 ரிங்கிட் போனதும் முத்திரை குத்திய ரசீது வந்தது. டீசல் வாங்க வேண்டும் என்று மீதி 1,800 ரிங்கிட்டையும் பயணத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டான். நிறுவனக் கணக்கு வங்கியில் புதுப்பிக்கப்படுகிறது என்று அவன் கொடுத்ததோ ஒரு பெண்ணின் பெயரிலிருந்த தனிக் கணக்கு.

விடியுமுன் இரண்டு கார்களில் கிளம்பி, கிரிக்கில் பசியாறிவிட்டு, மசாலா தடவிய ஆட்டிறைச்சிப் பெட்டியோடு பண்டிங் தீவுப் படகுத்துறையில் இறங்கினோம். ரசீதில் இருந்த பெயரில் அங்கே படகும் இல்லை, முகவரும் இல்லை. கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டியதும், ஒரு மலாய்க்காரப் பெரியவர் விரலை நீட்டி, "இது என் படகு" என்றார். அதே சிவப்புக் கம்பி, அதே பூப்போட்ட திரை. அதில் வேறொரு கூட்டம் அரிசி மூட்டையும் மீன்பிடித் தூண்டிலுமாக ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய படங்களைத் திருடிப் பெயரை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

அழைத்தபோது, எஞ்சின் கோளாறு, மதியத்துக்குள் வந்துவிடும் என்றான். மதியம் கேட்டால், அனுமதிக் கடிதத்தில் அதிகாரி கையெழுத்துப் போடவில்லையாம். மேலாளர் பேசுவார் என்றான். பேசிய மேலாளரின் குரல் அவன் குரலேதான், கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், மூன்று வேலை நாளில் வரும் என்று கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு எங்கள் எல்லாருடைய எண்களையும் முடக்கிவிட்டான். நீங்களே அனுப்பிய பணம் என்று வங்கி கைகழுவியது. காவல் நிலையத்தில் புகாரை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அது மோசடிக்காரர்களுக்கு யாரோ வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்காக இருக்கும், பணம் அன்றைக்கே வெளியேறியிருக்கும் என்று எழுதும்போதே சொல்லிவிட்டார் அதிகாரி. 3,600 ரிங்கிட் அவருக்குச் சின்னத் தொகையாகப் பட்டிருக்கலாம். எங்களில் ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், அவருடைய 300 ரிங்கிட் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

பணம் கட்டுமுன் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார்களில் சிக்கிய எண்களைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் தேடிப் பாருங்கள். சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனிநபர் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் அனுப்பிய உடனேயே சந்தேகம் வந்தால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், தாமதித்தால் பயனில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் எதிராளியின் உண்மையான பெயரும் முகவரியும் வேண்டும், அதுதான் எங்களிடம் இல்லை.

நேற்று அதே சிவப்புக் கம்பிப் படம் வேறொரு பக்கத்தில், வேறொரு எண்ணோடு வந்திருக்கிறது. இப்போது விலை 3,200 ரிங்கிட்.