பகலில் பார்ப்பதா, இரவில் போய் நிற்பதா?

வாடகை வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் அந்தத் தெருவைச் சுற்றிப் பார்ப்பார்கள். வெளிச்சம், மழைநீர் தேங்கிய கறை, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தூரம் ஆகியவை பகலில் நன்றாகத் தெரியும்.

வேலைநாள் இரவு பத்து மணிக்கு அதே வாசலில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வண்டிகளை எங்கே நிறுத்துகிறார்கள், பக்கத்துப் பட்டறையில் மோட்டார் ஓய்ந்ததா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து வையுங்கள். துல்லியம் குறைவுதான், இரண்டு தெருக்களை ஒப்பிடப் போதும். இரவுச் சாலை இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

ஒருமுறைதான் போக முடியும் என்றால் இரவையே சொல்வேன். சுவர்க் கறையை முன்பணம் கொடுக்கும் அன்றுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.