இலையுதிர்கால வாசற் சோடனைக்கு முற்பணம் அனுப்புமுன் இதை வாசியுங்கள்

இலையுதிர்காலத்துக்கு வீட்டு முன்வாசலைச் சோடித்துத் தருகிறோம் என்று அழகான படங்களைக் காட்டி யாராவது முற்பணம் கேட்டால், அனுப்புவதற்கு முன் என் அனுபவத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சென்ற ஆண்டு 400 டொலரை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பெயின்ற் அடித்த பூசணிக்காய்களையும், வாடத் தொடங்கிய செவ்வந்திச் சாடிகளையும், கதவுச் சட்டத்தில் ஆறு துளைகளையும் பெற்றுக்கொண்டவள் நான். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் காசு பார்ப்பவர்கள் வேறும் இருப்பார்கள்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டில் அதுவே எங்களுடைய முதல் இலையுதிர்காலம். செப்டெம்பர் கடைசியில் எங்கள் தெருவின் ஒவ்வொரு வாசற்படியிலும் செவ்வந்தியும் பூசணியும் சோளத்தட்டைக் கட்டும் வந்து அமர்ந்துவிடும் என்று அயலவர்கள் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்கு வாசலில் கரும்பு கட்டி வளர்ந்தவர்களுக்கு, அறுவடையை வாசலில் வைத்துக் கொண்டாடும் வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. அத்துடன், ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளுக்கு மொன்றியலிலிருந்து உறவினர்கள் வருவதாக இருந்தது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், மணவறைச் சோடனை செய்யும் ஒருவர் வாசற் சோடனையும் செய்கிறார் என்று கேள்விப்பட்டு அவரை அழைத்தோம்.

ஓகஸ்ட் கடைசியில் அவர் வீட்டுக்கு வந்து படிகளை அளந்தார். "அக்கா, செப்டெம்பர் கடைசிக் கிழமைக்குள்ள எல்லாம் முடிச்சுத் தருவம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். அன்றிரவே வட்ஸ்அப்பில் மதிப்பீடு வந்தது: 18 பூசணிகள், நான்கு செவ்வந்திச் சாடிகள், இரண்டு சோளத்தட்டைக் கட்டுகள், இரண்டு வைக்கோற் பொதிகள், கதவில் தொங்கவிட ஓர் இலைவளையம், நவம்பரில் எல்லாவற்றையும் அகற்றிச் செல்வது உட்பட மொத்தம் 650 டொலர். (மலர்வளையம் என்று எழுதக் கை வரவில்லை, நமக்கு அது செத்தவீட்டுச் சொல்.) பூசணிகளில் பாதி, படத்தில் இருந்ததைப் போல, நீலச்சாம்பல் நிற ஜாரடேல் வகையும் தட்டையான செம்மஞ்சள் நிற சிண்ட்ரெல்லா வகையும் வெள்ளை வகையும் என்று எழுதியிருந்தார். கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. முற்பணத்தை இன்ராக் மின்பரிமாற்றமாகவே, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் முறையிலேயே, கேட்டார். அப்படி அனுப்பும் பணம் மற்றவருடைய கணக்கில் வைப்பானபின் நாம் நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

செப்டெம்பர் கடைசிக் கிழமை வந்து போனது. "பண்ணையில் இருந்து இன்னும் வரவில்லை", "வாகனம் பழுது" என்ற பதில்களுக்குப் பிறகு, விருந்தினர் வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன், வெள்ளிக்கிழமை இருட்டியபின் இரண்டு பையன்கள் வந்து பொருட்களை இறக்கி, அரை மணி நேரத்தில் அடுக்கிவிட்டுப் போனார்கள். நான் வேலையால் திரும்பியிருக்கவில்லை.

விடிந்து பார்த்தால் பூசணிகள் 11 மட்டுமே இருந்தன. பதினொன்றும் சாதாரணச் செம்மஞ்சட் பூசணிகள், அவற்றில் ஐந்துக்கு வெள்ளையும் சாம்பலும் தெளித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் அந்தச் சாம்பல் நிறம் படிகளில் வழிந்து கோடு கோடாகக் காய்ந்தது. உண்மையான ஜாரடேல் பூசணிக்கு நிறம் தோலிலேயே இருக்கும். ஆழமான வரிப்பள்ளங்களோடு சற்றுத் தட்டையாகவும் இருக்கும். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் செம்மஞ்சள் எட்டிப்பார்க்காது. காம்பு ஒடிந்த பூசணிகளையும் தந்திருந்தார்கள். காம்பு ஒடிந்த இடத்தாலும் தோற் கீறலாலும்தான் அழுகல் உள்ளே இறங்குகிறது. அவற்றில் இரண்டு, நனைந்த கல்லின்மேல் அடி பதிய இருந்தமையால், ஒரு கிழமைக்குள் கீழ்ப்பக்கம் கூழாகிவிட்டன.

செவ்வந்திகளில் அந்த ஏமாற்று இன்னும் நுட்பமானது, ஏனென்றால் முதல் நாளில் அவைதான் மிக அழகாகத் தெரிந்தன. இரவு நீளத் தொடங்கும்போது மொட்டு விடும் செடி அது. மொட்டுகள் இறுகி, நுனியில் மட்டும் நிறம் தெரியும் நிலையில் வாங்கினால், குளிர்ந்த காலநிலையில் சில கிழமைகள் பூத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு வந்தவற்றில் ஒரு மொட்டுக்கூட மிஞ்சியிருக்கவில்லை, நடுப்பூக்கள் பழுப்பேறியிருந்தன. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் சுற்றிச் சுற்றி இறுகி, மண் தூளாகக் காய்ந்திருந்தது. முன்னர் வேறொரு வாசலில் நின்ற செடிகள் என்பது என் ஊகம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

வைக்கோல் என்று வந்தது வைக்கோலே அல்ல, மாட்டுக்குப் போடும் உலர்புல். வைக்கோல் மஞ்சளாக, வெறுந்தண்டாக இருக்கும். உலர்புல்லில் பச்சையும் விதைக்கதிர்களும் இருக்கும். மழையில் அது முளைவிட்டது, பூஞ்சணம் பிடித்தது, எலியும் வந்தது. இலைவளையத்துக்கும் தோரணத்துக்குமாகக் கதவின் மரச்சட்டத்தில் கேட்காமலே ஆறு திருகாணிகளை ஏற்றியிருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு 790 டொலருக்குப் பற்றுச்சீட்டு வந்தது. மேலதிகத் தொகைக்கு "அவசர விநியோகம்" என்று காரணம் எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். நாம் சம்மதிக்காமல், மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. என் விடயத்தில் அந்த உச்சத்தொகை 715 டொலர். அதைவிடப் பெரிய பிடி வேறொன்று: விற்பவர் நம் வீட்டுக்கு வந்து செய்துகொள்ளும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம், சட்டம் கேட்கும் விபரங்களுடன் எழுத்துப் பிரதி தரப்படாவிட்டால் ஓராண்டு வரை அவகாசம் உண்டு. மீதிப் பணம் தர மறுத்து, இதைக் குறிப்பிட்டு இரத்து அறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்பினேன்.

அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "பழுதான பூசணி எங்கே?" என்பதுதான். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதில் இருக்கிறது. பண்டம் இரண்டு கிழமைகளில் அழுகிவிடும், அதனோடு சாட்சியமும் போய்விடும். நல்லவேளையாக, உறவினருக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமை மழைக்குப் பின் என் மகள் எடுத்த படங்கள் கைபேசியில் இருந்தன. ஆகவே நீங்களும் இப்படி ஆள் வைத்துச் சோடித்தால், பகல் வெளிச்சத்தில், நீங்கள் வீட்டில் நிற்கும்போது இறக்கச் சொல்லுங்கள், எண்ணுங்கள், பையன்கள் போகுமுன் காம்பையும் அடியையும் மொட்டையும் படமெடுங்கள். எண்ணிக்கை, வகை, நாள், சுவரில் எதனால் பொருத்துவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முற்பணத்தைக் கடன் அட்டையால் கட்டினால், பொருள் பிழையாக வந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். கடன் அட்டை எடுக்கமாட்டேன் என்பவரை விட்டுவிடுவதே நல்லது.

டிசம்பரில் 250 டொலர் திரும்பி வந்தது. அகற்றுவதற்கு எவரும் வரவில்லை. நனைந்து கனத்த உலர்புற் பொதிகளை நானும் கணவரும் இழுத்துச் சென்று போட்டோம். ஆறு துளைகளையும் மரப்பசை வைத்து அடைத்தாயிற்று, நிறம்தான் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.