கடைசி இடத்து அணியை உடைக்க எது வழி: ஏறி நெருக்குவதா, விரித்துத் திறப்பதா?

கால்பந்து லீக் பட்டியலின் அடியில் கிடக்கும் அணியோடு அடுத்த ஆட்டம் என்றதும் மூன்று புள்ளி கைக்கு வந்துவிட்டதாகவே ரசிகர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்த அணியின் கோல்கீப்பர் கோல்-கிக்கைப் பக்கத்திலேயே பாஸ் கொடுக்கிறாரா, தூக்கி அடிக்கிறாரா? நம் அணி எப்படி ஆட வேண்டும் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

2024-25 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் சவுத்தாம்ப்டன் இரண்டு விதமாகவும் ஆடிக் காட்டியது. ஏழு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அணி, மொத்தம் 12 புள்ளிதான்.

ரசல் மார்ட்டின் பயிற்சியில் தன் பெனால்டி பெட்டிக்குள்ளிருந்தே பாஸ் செய்து ஏறப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட அணிக்கு எதிராக அவர்கள் பாதிக்குள்ளேயே ஏறி, பந்தைப் பறிக்க நெருக்குவதுதான் சரி. 2024 டிசம்பர் 15 அன்று டாட்டன்ஹாம் முதல் பாதியிலேயே 5-0 என்று முடித்தது, அன்றிரவே மார்ட்டின் வேலை போனது.

நெருக்குவதற்கு ஓட்டம் மட்டும் போதாது. ஸ்ட்ரைக்கர் கோல்கீப்பரை நோக்கி நேராக ஓடினால் இரண்டு பக்கமும் வழி திறந்தே இருக்கும். வளைந்து ஓடி, ஒரு சென்டர்-பேக்கை (நடு டிஃபென்டரை) முதுகால் மறைக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு மிட்ஃபீல்டர் எதிரணியின் பிவட்டை, அதாவது டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கும் மிட்ஃபீல்டரை, ஒட்டி நிற்க வேண்டும். நம் டிஃபென்ஸ் வரிசையும் நடுக்கோடு வரை ஏறியாக வேண்டும். அது பின்தங்கினால் நடுவில் பள்ளம் விழும், ஒரே பாஸில் நான்கு பேர் ஆட்டத்திலிருந்து கழன்றுவிடுவார்கள்.

ஆபத்தும் இருக்கிறது. நவம்பர் 24 அன்று லிவர்பூலுக்கு முதல் கோல் சவுத்தாம்ப்டன் பின்னால் செய்த பாஸ் பிழையில்தான் கிடைத்தது. ஆனாலும் 56-வது நிமிடத்தில் சவுத்தாம்ப்டன் 2-1 என முன்னே போனது. சலாவின் இரண்டு கோலால்தான் லிவர்பூல் 3-2 என்று தப்பித்தது.

ஐந்து டிஃபென்டர்களை வைத்து அடைத்துக்கொள்ளும் அணியிடம் இந்த நெருக்கல் எடுபடாது, நெருக்கப் பந்தே அவர்களிடம் இருக்காது. 2025 மே 10 அன்று, சைமன் ரஸ்க் இடைக்காலப் பொறுப்பில் இருந்தபோது, மான்செஸ்டர் சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டை வைத்துக்கொண்டே 0-0 என்று திரும்பியது. இத்தகைய ஆட்டங்களில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்றுதான்: பந்து வலது விங்கிலிருந்து பின்னே வந்து, சென்டர்-பேக்குகள் வழியாக இடது விங்குக்குப் போகும், பிறகு அதே பாதையில் திரும்பும். பெட்டிக்குள் நுழையவே நுழையாது. பொறுமை இழந்து உயரக் கிராஸ் போட்டால் மூன்று சென்டர்-பேக்குகளும் தலையால் தள்ளிவிடுவார்கள்.

இங்கே தேவை அகலம். இரண்டு விங்கர்களும் பக்கக் கோட்டில் ஒட்டி நிற்க, ஃபுல்-பேக் (ஓரத்து டிஃபென்டர்) உள்பக்கமாக ஓட வேண்டும். கோல் கோடு வரை போய், பெனால்டி புள்ளியை நோக்கித் தரையோடு பின்னால் இழுத்துக் கொடுக்கும் பந்துதான் டிஃபென்டர்களைத் திணறடிக்கும், ஏனென்றால் அப்போது அவர்கள் தங்கள் கோலைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். 2025 மார்ச் 8 அன்று ஆன்ஃபீல்டில் சவுத்தாம்ப்டனிடம் இடைவேளையில் 0-1 எனப் பின்தங்கிய லிவர்பூல் அங்கேயே மூன்று பேரை மாற்றியது. 51-வது நிமிடத்தில் டியாஸ் இடது பக்கம் கோடு வரை போய் இழுத்துக் கொடுத்ததை நூன்யெஸ் கோலாக்கினார். பிறகு சலாவின் இரண்டு பெனால்டி, முடிவு 3-1.

கார்னர் மூன்றாவது வழி. நன்றாகப் பழகிய அணிக்குக் கைகொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க முடியாது.

என் தேர்வு: பயிற்சியாளர் மாறியிருந்தால் பழைய ஆட்டங்களை மறந்துவிட்டு, புதியவரின் ஆட்டங்களை மட்டும் பார்க்க வேண்டும். எதிரணி எந்த வகை என்று உறுதியில்லையா, விரித்து ஆடும் திட்டத்தோடு தொடங்கி, வேகமான இரண்டு விங்கர்களைப் பெஞ்சில் வைத்திருப்பது நல்லது. எதிரணியின் கால் தளர்ந்த பிறகு நெருக்கலும் பலிக்கும். 2025 ஜனவரி 16 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் சவுத்தாம்ப்டனிடம் 82-வது நிமிடம் வரை 0-1 எனப் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து அமாத் டியாலோ மூன்று கோல் அடித்தார். மூன்றாவது, 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த நேரத்தில், பெட்டிக்குள் சவுத்தாம்ப்டன் டிஃபென்டர் ஹார்வுட்-பெல்லிஸின் காலிலிருந்து பறித்து வெறும் கோலுக்குள் தள்ளியது.