டாம்கேட்டும் தமிழ் எழுத்தும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் 6-ஆம் பதிப்பில் தொடங்கி 7, 8.5, 9 என்று ஏறி, இப்போது 10.1-இல் வேலை செய்கிறேன். சர்வர் என்ற அளவில் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை உண்டு. ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்த் தரவைக் கையாளும் செயலியை அதில் ஓட்டுகிறவர்களுக்கு எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்தை எந்த பைட்டுகளாக மாற்றுவது என்ற விதி, ஒரு தனிப்பாடு. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

எழுத்து உடைந்து தெரிந்தால் உடனே கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றக் கூடாது. எப்படி உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் 5 குறிகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 15 பைட். இந்தக் கணக்கு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சொல்லைப் படிவத்தில் அனுப்பிச் சேமித்துவிட்டு, டேட்டாபேஸில் அதன் பைட் நீளத்தைக் கேளுங்கள். நெடுவரிசை யூடிஎஃப்-8 ஆக இருந்து 15 என்று வந்தால் சேமிப்பு பெரும்பாலும் சரி, கோளாறு காட்டும் இடத்தில். 30 என்று வந்தால், யாரோ வழியில் யூடிஎஃப்-8 பைட்டுகளை ஐஎஸ்ஓ-8859-1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய லத்தீன் குறியாக்கம்) என்று எண்ணிப் படித்து, மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். இது மீட்கக்கூடியது, அதே பாதையில் பின்னோக்கி நடந்தால் போதும். 5 என்று வந்தால் உள்ளே இருப்பவை ஐந்து கேள்விக்குறிகள். மூல எழுத்து போயே போய்விட்டது. அந்த நிலையில் முதல் வேலை எழுதுவதை நிறுத்துவது, அப்புறம்தான் காரணம் தேடுவது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. சர்வரைத் தொட வேண்டாம்.

அடிக்கடி வரும் குழப்பம், தேடல் பெட்டியில் தமிழ் வேலை செய்யும், படிவத்தில் மட்டும் உடையும் என்பது. இரண்டும் வேறு வேறு வாசல்கள். முகவரியோடு வரும் கெட் கோரிக்கையை சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பின் கனெக்டரில் (கோரிக்கைகளை வாங்கும் பகுதி) உள்ள யூஆர்ஐஎன்கோடிங் தீர்மானிக்கிறது. டாம்கேட் 7 வரை அதன் இயல்பு மதிப்பு ஐஎஸ்ஓ-8859-1, 8 முதல் யூடிஎஃப்-8. படிவத் தரவைத் தாங்கிவரும் போஸ்ட் கோரிக்கையின் உடல் அப்படியில்லை. உலாவி குறியாக்கத்தைச் சொல்லி அனுப்பாவிட்டால், சர்வ்லெட் (ஜாவா வலைச் செயலிகளுக்கான தரநிலை) விதிப்படி அது ஐஎஸ்ஓ-8859-1 என்றே படிக்கப்படும். உலாவிகள் பொதுவாகச் சொல்வதில்லை. அதனால் 7-இலிருந்து 8-க்கு மாறியதும் ஒரு பாதி தானாகச் சரியாகி, மறு பாதி அப்படியே நின்றது. 9 முதல் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் கோரிக்கைக் குறியாக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 10-இல் சர்வரோடு வரும் பொதுவான வெப்.எக்ஸ்எம்எல்-லிலேயே அது யூடிஎஃப்-8 என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்த மாற்றம் எத்தனையோ வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். லத்தீன் எழுத்தில் எழுதாத எல்லோரும் அதுவரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தோம்.

அதற்கு முன் எல்லோரும் நம்பியிருந்தது, கோரிக்கை செயலியை அடையும் முன் இயங்கிக் குறியாக்கம் அமைக்கும் ஃபில்டரை. அது நன்றாகவே வேலை செய்யும், முதல் ஆளாக நின்றால். ஒரு செயலியில் ஃபில்டர் இருந்தது, யூடிஎஃப்-8 என்றும் எழுதியிருந்தது, ஆனாலும் போஸ்ட் உடைந்தது. அதற்கு முன்னால் யாரோ சேர்த்திருந்த, லாக் எழுதும் ஃபில்டர் ஒன்று, பயனர் பெயரைக் குறித்துக்கொள்ள படிவ மதிப்பை எடுக்கும் கெட்பாராமீட்டரை ஒருமுறை அழைத்திருந்தது. அந்த அழைப்பிலேயே டாம்கேட் உடல் முழுவதையும் பிரித்துப் படித்து முடித்துவிடும். பிறகு குறியாக்கத்தை மாற்றினால் பலனும் இல்லை, பிழைச் செய்தியும் வராது. வெப்.எக்ஸ்எம்எல்-லில் இரண்டு ஃபில்டர் மேப்பிங்குகளை இடம் மாற்றியதும் சரியானது. பாதுகாப்பு நூலகங்கள் தங்கள் ஃபில்டரை முன்னால் நுழைக்கும்போதும் இதே கதைதான்.

கேள்விக்குறிகளுக்கு வேறொரு ஊற்று உண்டு. கையால் டெர்மினலில் தொடங்கினால் எல்லாம் நன்றாக இருக்கும். கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் நிரல்) வழியாகவோ கன்டெய்னருக்குள்ளோ தொடங்கினால் அதே செயலி தமிழைக் கேள்விக்குறியாக எழுதும். ஜாவா 17 வரை இயல்புக் குறியாக்கம் இயங்குதளத்தின் மொழிச் சூழலை (லோக்கேல்) பார்த்து முடிவாகும். அதைச் சொல்லும் சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) எதுவும் இல்லாவிட்டால் அது வெறும் ஆஸ்கியாகி, பொருந்தாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். குறியாக்கம் சொல்லாமல் ஸ்ட்ரிங்கை பைட்டாக மாற்றும் ஒவ்வொரு வரியும் அப்போது ஆபத்து. டாம்கேட்டின் ‘பின்’ (bin) கோப்புறையில் செட்என்வி கோப்பை உருவாக்கி, ஃபைல்.என்கோடிங் யூடிஎஃப்-8 என்று அங்கேயே வைத்துவிடுவது என் வழக்கம். 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் இயல்பே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. ஆனால் கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் மொழிச் சூழல் இன்னும் தேவை. இல்லாவிட்டால் பதிவேற்றம் பாதை பிழை காட்டி நிற்கும்.

ஜேஎஸ்பி பக்கங்களின் (ஹெச்டிஎம்எல்லோடு ஜாவா கலந்தவை) தலையில் பேஜ்என்கோடிங் வேண்டும். செய்திகளையும் அமைப்புகளையும் வைக்கும் ப்ராபர்டீஸ் கோப்புகளில், ரிசோர்ஸ் பண்டில் வழியாகப் படிப்பவை ஜாவா 9 முதல் யூடிஎஃப்-8 ஏற்கும். இன்புட் ஸ்ட்ரீம் கொடுத்து நேரடியாக லோட் செய்தால் இன்றும் ஐஎஸ்ஓ-8859-1தான். ரீடரைக் கொடுத்துப் படித்தால் தொல்லை இல்லை.

2016 இறுதியில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, முகவரியில் பச்சையாகத் தமிழ் எழுத்து வந்தால் டாம்கேட் 400 என்று திருப்பி அனுப்பிவிடும். தளர்த்தும் அமைப்புகள் சில ஆஸ்கிக் குறிகளுக்கு மட்டுமே உண்டு, தமிழுக்கு வழி கிடையாது. எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. அனுப்புகிற பக்கத்தில் சதவீதக் குறியாக்கம் (பைட்டுகளை % குறியோடு எழுதுவது) செய்வதுதான் சரி. ஜாவாவின் யூஆர்எல்என்கோடரை அதற்குப் பயன்படுத்தினால் இடைவெளி கூட்டல் குறியாக மாறும். முகவரியில் ? குறிக்குப் பின் வரும் கேள்விப் பகுதியில் பரவாயில்லை, பாதையில் தவறு.

எனக்குக் குறையாகவே தெரிவது, தொடக்கப் பிழைச் செய்தி. ‘லிசனர்கள் தொடங்கவில்லை, விவரம் உரிய பதிவுக் கோப்பில்’ என்பதோடு (லிசனர் என்பது செயலி தொடங்கும்போது இயங்கும் பகுதி) டாம்கேட்டின் முதன்மைப் பதிவுக் கோப்பான கேட்டலினா நின்றுவிடும். அந்த உரிய கோப்பு எது என்று சொல்லாது. லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் கோப்பைத் திறந்தால் முழுத் தடமும் இருக்கும். புதிதாக வருபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நாள் கணக்கில் திணறுகிறார்கள்.

10-க்கு மாறும்போது அமைப்புக் கோப்புகள் உள்ள பழைய கான்ஃப் கோப்புறையை அப்படியே தூக்கி வைப்பது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் மேலே சொன்ன யூடிஎஃப்-8 வரிகள் போய்விடும், போஸ்ட் மறுபடி உடையும். புதிய கோப்பை வைத்துக்கொண்டு, உங்கள் போர்ட், கனெக்டர், டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு) மாற்றங்களை மட்டும் ஒவ்வொன்றாக அதில் சேருங்கள். சேர்த்த பிறகு ‘தமிழ்’ என்று ஒரு படிவத்தில் அனுப்பி, 15 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பயனர்களுக்குத் திறந்துவிடுங்கள்.