பஞ்சிகாவத்தையில் ‘புது’ பிரேக் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

டபுள் கெப் பிக்கப் வைத்திருப்பவர்கள், அதிலும் முன் பிரேக் டிஸ்க்கும் (சில்லோடு சுழலும் இரும்புத் தட்டு) பேட்டும் (அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றும் யோசனையில் இருப்பவர்கள், கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஒரு கடை எனக்குப் புதுச் சாமான் என்று விற்ற டிஸ்க் இரண்டும் பழையவை. லேத்தில் சீவி, வெள்ளி நிறப் பெயின்ற் அடித்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே வந்த பேட் செட் போலி. முறைப்பாடு போயிருப்பதால் கடையின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை.

பிரச்சினை சாதாரணமாகத்தான் தொடங்கியது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கும். வழக்கமாகப் போகும் கராஜில் பாஸ் (மெக்கானிக்) சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “டிஸ்க் முடிஞ்சுது, இனி ஸ்கிம் பண்ணவும் ஏலாது, சோடியா மாத்துங்க” என்றார். ஸ்கிம் என்றால் லேத்தில் சீவிச் சமப்படுத்துவது. எந்த அளவுகோலும் எடுத்து வைத்துப் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்ததோடு சரி. அங்கே நின்றபடியே ஒரு கடைக்குப் போன் போட்டு, “என்ட ஆள் ஒருத்தர் வாறார், நல்ல சாமானாப் பார்த்துக் குடுங்க” என்று சொல்லியும் வைத்தார். அந்தப் போனுக்கு எவ்வளவு கமிஷன் என்பது அவர்கள் இருவருக்கும்தான் வெளிச்சம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள் என்றாலும், விலையைக் கேட்டுவிட்டு எங்களைப் போன்ற ஆட்கள் பழைய வண்டிக்கே திரும்பிவிடுகிறோம். இத்தனை வருடம் ஓடித் தேய்ந்த வண்டிகளுக்கெல்லாம் சாமான் வேண்டும். இந்த வியாபாரம் அந்தத் தேவையில்தான் கொழுக்கிறது. பஞ்சிகாவத்தையில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் சாமான் வாங்கும் கடைகளும் அங்கேதான் இருக்கின்றன. இது அந்தக் கடைகளில் ஒன்றல்ல.

பாஸ் சொன்ன கடைக்குப் போனேன். முதலாளி முதலில் ஓட்டை போட்ட டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். சூடு சீக்கிரம் இறங்குமாம், பார்க்கவும் கெத்தாக இருக்குமாம். பாரம் ஏற்றி மலை இறங்குகிற வண்டிக்கு அது தேவையில்லை. அந்தத் துளைகளின் விளிம்பில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். நடுவில் காற்றுப் போக இடைவெளி உள்ள சாதா டிஸ்க் போதும் என்றேன். உடனே உள்ளேயிருந்து ஒரு பெட்டி வந்தது. “தம்பி, இது ஒரிஜினல் யப்பான் சாமான். போட்டுட்டுப் போனா அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டீங்க.” டிஸ்க் சோடியும் பேட்டும் சேர்த்து 80,000 ரூபாவைத் தாண்டியது. பில்லில் “பிரேக் சாமான்” என்று இரண்டே சொல். வற்புறுத்திய பிறகுதான் பெட்டியில் இருந்த இலக்கத்தை எழுதினார். அந்த இலக்கம்தான் இப்போது என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

பாஸ் பூட்டிக் கொடுத்தார். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். “அது இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு.” பூட்டி முடிப்பதற்குள் எந்த இரும்புக்காரன் வந்து போனான் என்று தெரியவில்லை. என் பழைய டிஸ்க்கும் பெயின்ற் குளித்து இன்னொருவர் வண்டியில் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொழும்புக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. காலி வீதி நெரிசலில் எந்தப் பிரேக்கும் நல்ல பிரேக்தான். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது விஷயம் வெளியே வந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளை வரை கிட்டத்தட்ட முழுக்க இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். முதலில் கருகல் மணம். அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகியே இருந்தது, எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை. கியரை இறக்கி இறக்கி, எஞ்சினிலேயே பிடித்து ஒரு வழியாக ஓரம் கட்டினேன். பெடல் மெத்தென்று கீழே போனால் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை இழந்துவிட்டது. என்னுடையது இரண்டாவது வகை.

ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து, கொழும்பு மட்டக்குளியில் வேறொரு பாஸிடம் கழற்றக் கொடுத்தேன். வயதான மனிதர், அதிகம் பேசமாட்டார். டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் போன் ரோர்ச்சை அடித்து நடு இடைவெளிக்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே செதில் செதிலாகத் துரு. வெளியே பளபளவென்று வெள்ளி. புது டிஸ்க்கிலும் துருப் பிடிக்காமல் இருக்க வெள்ளி நிறப் பூச்சு வரும், அதனால் நிறத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கம்பனிப் பூச்சு அந்த இடைவெளிக்குள்ளும் போயிருக்கும். லேத் அங்கே போகாது, ஸ்பிரே பெயின்றும் சரியாகப் போகாது. அடுத்து டிஸ்க்கின் பின்பக்கத்தைத் துடைத்தார். சில்லு பூட்டும் ஹப்பில் உட்கார்ந்து தேய்ந்த வட்ட அச்சு பெயின்றுக்குக் கீழே அப்படியே இருந்தது.

கடைசியாக, தடிப்பை அளக்கும் மைக்ரோமீற்றர். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிப்பு மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும், விளிம்பில் அல்லது தொப்பி போன்ற நடுப் பகுதியில். புதிய தடிப்புக்கும் அந்தக் குறைந்தபட்சத்துக்கும் இடையே பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் அளவுதான் வித்தியாசம், தேய்வதற்கு நமக்கு இருக்கும் இடம் அவ்வளவே. என் டிஸ்க் இரண்டிலும் அந்த எழுத்து இருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் உரசப்பட்டிருந்தது. பாஸ் தன் புத்தகத்தில் பார்த்து அளந்தார். ஒன்று குறைந்தபட்சத்தை ஒட்டி நின்றது, மற்றது அதற்கும் கீழே. மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது, பேட்டையும் சேர்த்து எரித்துவிடும். முதல் பாஸ் கழற்றிய என் பழைய சோடி இதைவிடத் தடிப்பாக இருந்திருக்கவும் கூடும்!

பேட்டின் கதை இன்னும் மோசம். பெயர் பெற்ற கம்பனிகளின் பேட்டில் முதுகுத் தகட்டிலோ ஓரத்திலோ ஒரு வரி குறியீடு இருக்கும், அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்து. எஸ்.ஏ.ஈ. ஜே866 என்ற வாகனப் பொறியியல் தர முறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வுக் குணகம் (பிடியின் அளவு), இரண்டாவது கடும் சூட்டில் உள்ளது. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அந்த இரண்டாவது எழுத்துத்தான் முக்கியம். எனக்குக் கிடைத்த பேட்டில் எந்த எழுத்தும் இல்லை. தேய்ந்ததும் கிரீச்சிட்டு எச்சரிக்கும் சிறு தகடும் இல்லை. பெட்டி மட்டும் அச்சு அசல்.

இப்போது வேறு கடையில், வண்டியின் சசி (chassis) இலக்கத்தைக் கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒரே பெயரில் ஓடும் கெப்பிலும் டூ வீல், ஃபோர் வீல், வருடம் என்று டிஸ்க் அளவு மாறும், “எல்லாத்துக்கும் சரி வரும்” என்பவரிடம் வாங்காதீர்கள். பேட்டில் செமி மெட்டாலிக் (உலோகம் கலந்தது) எடுத்தேன். கொஞ்சம் சத்தம் போடும், சில்லைக் கறுப்பாக்கும், ஆனால் பாரத்தோடு இறங்கும்போது சூடு தாங்கும். நகரத்துக்குள் மட்டும் ஓடுபவர்கள் செரமிக் போடலாம். மட்டக்குளி பாஸ் ஹப் முகத்தைக் கம்பிப் புருசால் சுத்தம் செய்து, புது டிஸ்க்கில் இருந்த எண்ணெயைக் கழுவி, பேட்டை அழுத்தும் கலிப்பரின் பின்னுக்கு அதற்குரிய கிரீஸ் போட்டுப் பூட்டினார். பிறகு வெறும் வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் இருந்து 10 வரை திரும்பத் திரும்ப, முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பிடித்துப் பேட்டைப் பழக்கச் சொன்னார். முதல் கராஜில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

கழற்றிய சோடியோடு கடைக்குப் போனேன். “இது எங்கட சாமான் இல்ல, கராஜ்ல மாத்தியிருப்பாங்க” என்றார் முதலாளி. கராஜுக்குப் போனால், “கடை தந்ததைத்தான் பூட்டினன்” என்கிறார் பாஸ். பில்லில் உள்ள இலக்கமும் பேட் பெட்டியும் ஒத்துப்போவதைக் காட்டியதும் முதலாளியின் குரல் இறங்கியது. பேட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பில், படங்கள், மைக்ரோமீற்றர் அளவு எல்லாம் சேர்த்து. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பில் தர வேண்டியது கடைக்காரரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

அண்மையில் அந்தப் பக்கம் வெள்ளிப் பெயின்ற் அடித்த டிஸ்க் வாங்கியவர்கள் இருந்தால் ரோர்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். துரு தெரிந்தால் படத்தையும் பில்லையும் எனக்கு அனுப்புங்கள். ஒரே கடையாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே முறைப்பாட்டில் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.