டிராக்டருக்குப் பேலட் ஃபோர்க் வாங்கப் போகிறீர்களா? நான் 2,65,000 ரூபாய் இழந்த கதை

பொள்ளாச்சிப் பக்கம் சின்னதாக ஒரு பித் பிளாக் யூனிட் வைத்திருக்கிறேன். தென்னை நார்க்கழிவை அலசி, காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்துகிறோம். பேலட் என்கிற மரத் தட்டில் 200 கட்டி அடுக்கினால் 1 டன். அழுத்தும் இடத்துக்கும் குடோனுக்கும் நடுவே ஒரு சரிவு, அதுவும் மண் தரை. ஃபோர்க்லிஃப்ட்டின் சின்னச் சக்கரம் அதில் புதைந்துவிடும். வீட்டில் 45 எச்.பி. டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்) டிராக்டர் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. அதிலேயே ஃபோர்க், அதாவது பேலட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கும் இரண்டு இரும்புப் பல், மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் என் மனதில் இருந்தது பின்பக்க ஃபோர்க்தான். கலப்பை மாட்டுகிற அதே மூன்று இடத்தில் மாட்டுவது. தெரிந்த பட்டறைக்காரர் 55,000 கேட்டார். அதை விட்டுவிட்டு, வேறு ஊரில் லோடர் (டிராக்டரின் முன்னால் மாட்டும் தூக்குக் கை) செய்து விற்கும் ஒருவரிடம் போய் மாட்டினேன். பெயரைப் போடவில்லை, வழக்குப் போடுவதா வேண்டாமா என்று வக்கீலோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

"பின்னாடி ஃபோர்க் எல்லாம் எதுக்குங்கண்ணா? திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்துதான் போகும். ரெண்டடிக்கு மேல தூக்காது. முன்னாடி போட்டா லாரி மேலயே வெச்சுடலாம், லோடுமேன் கூலி மிச்சம்" என்றார். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பின்பக்க ஃபோர்க்குக்கு உண்மையிலேயே உயரம் கிடையாது, கழுத்தும் வலிக்கும். லோடுமேன் கூலி என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. டூ வீல் டிரைவ் தாங்குமா என்று கேட்டேன். "ஒரு டன் கண்ணை மூடிட்டுத் தூக்கும்." பின்னால் வெயிட் கட்ட வேண்டுமா? "தேவையில்லீங்கண்ணா, டிராக்டரே ரெண்டு டன்னு." ஒரு வீடியோவும் அனுப்பினார். டிராக்டர் ஒன்று பேலட்டை லாரிக்கு மேலே அழகாகத் தூக்கி வைத்தது.

அந்த வீடியோவை எல்லாம் முடிந்த பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது ஃபோர் வீல் டிரைவ். பின்னால் ஒரு பெரிய கான்கிரீட் கட்டை தொங்குகிறது. வாங்கும்போது என் கண் ஃபோர்க்கை விட்டு அகலவில்லை.

விலை 2,65,000. அதில் ஒரு லட்சத்தை யாரோ ஒருவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார், செய்தேன். மீதிக்குத் தந்த பில்லில் "விவசாயக் கருவி, 1" என்று மட்டும் இருந்தது. எத்தனை கிலோ தூக்கும் என்று எங்கும் எழுதவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நான்காவது நாள். முழுப் பேலட்டைத் தூக்கிக்கொண்டு டிரைவர் சரிவில் இறங்குகிறார். பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் இரண்டும் சுற்றுவதை நிறுத்திவிட்டன, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. டூ வீல் டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்பக்கம் கனமே இல்லாவிட்டால் அது எதைப் பிடிக்கும்? நல்லவேளை, அவர் பதறாமல் ஃபோர்க்கைத் தரையில் இறக்கிவிட்டார். பேலட் சிதறியது, ஆள் தப்பினார். இடது முன்சக்கரம் கோணலாக நின்றது. சக்கரம் மாட்டியிருக்கும் ஸ்பிண்டில் வளைந்து, ஹப் பேரிங் நொறுங்கியிருந்தது. ஃபோர்க் பல் ஒன்று வளைவில் வாயைப் பிளந்திருந்தது.

அந்தப் பிளவைப் பார்த்த மெக்கானிக் மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெல்டிங். ஃபோர்ஜிங் (இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்த) பல் என்று சொல்லி விற்றது, சாதாரணத் தகட்டை வெட்டி L மாதிரி ஒட்டி, கிரைண்டர் போட்டுத் தேய்த்தது. உண்மையான ஃபோர்ஜிங் பல் ஒரே துண்டாக வளைந்திருக்கும். எத்தனை கிலோ, குதிகாலிலிருந்து (பல் L ஆக வளையும் இடம்) எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்று அதிலேயே முத்திரை அடித்திருக்கும். என்னுடையதில் ஒன்றும் இல்லை.

வண்டியைச் சரி செய்தபின், ஆத்திரத்தில் நடந்ததைச் சரிபார்க்க எடைமேடைக்கே கொண்டுபோனேன். பல்லை மாற்றி, டிரெய்லரில் தனியே ஏற்றிப்போன பேலட்டை அங்கேயே தூக்கி, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியாக மேடையில் ஏற்றினோம். லோடரே இல்லாமல் என் டிராக்டரின் முன்பக்கம் 750 கிலோ, பின்பக்கம் 1,250. இப்போது முன்பக்கம் 2,980! பின்பக்கம் 420. தூக்கியது ஒரு டன்தான், மிச்சம் 400 கிலோ லோடரின் எடை. ஆனால் அது முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் வெளியே தொங்குவதால், சீசா மாதிரி பின்பக்கத்தின் எடையையும் பிடுங்கி முன்னால் போட்டுவிடுகிறது. ஏர் ஓட்டச் செய்த அந்த 6.00-16 சின்ன டயரும் அச்சும் என்ன செய்யும்?

அப்படியானால் பின்பக்க ஃபோர்க்கில் ஒரு டன் தூக்கலாமா? அதுவும் முடியாது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் முன்பக்கத்திலிருந்து 770 கிலோ போகும், இருப்பதே 750. வண்டி முன்னங்காலைத் தூக்கிவிடும். டிராக்டர் புத்தகத்தில் 1,600 கிலோ தூக்கும் என்று இருப்பது லிங்க் முனையில், அதாவது கலப்பை மாட்டும் கையின் நுனியில் அளந்தது. அதற்கு இரண்டடி பின்னால் இருக்கும் பேலட்டைப் பற்றிப் புத்தகம் பேசவில்லை. அதனால் "எத்தனை கிலோ தூக்கும்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "ஃபோர்க் குதிகாலிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளி எத்தனை கிலோ, பின்னால் எவ்வளவு வெயிட் கட்டி" என்று கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில் "ஓட்டத் தெரியாம ஓட்டிட்டீங்கண்ணா". அப்புறம் "ஆள் அனுப்பறேன்". அப்புறம் எடுக்கவே இல்லை. லோடர் சட்டத்தை மாட்டுவதற்காக அவர் ஆட்கள் கிளட்ச் ஹவுசிங்கில் புதிதாக ஓட்டை போட்டிருந்ததால் டிராக்டர் டீலரும் வாரண்டி இல்லை என்று கைவிரித்தார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம். சுயதொழில் பிழைப்புக்காக வாங்கியது என்று நாம் காட்ட வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். அந்த ஜிபே ஒரு லட்சத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

இப்போது பழைய பட்டறைக்காரர் செய்த பின்பக்க ஃபோர்க்தான் ஓடுகிறது. பேலட்டுக்கு 100 கட்டி, 500 கிலோ மட்டும். முன் பம்பரில் 100 கிலோ வெயிட். அப்படியும் முன்சக்கரத்தில் 400 கிலோ நிற்கிறது, ஸ்டீயரிங் கேட்கிறது. வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லீவரில் மட்டும்தான் தூக்குவோம். ஃபோர்க் மேலே வரும்போது சாய்வு மாறும், மேலே இருக்கும் டாப் லிங்க் கம்பியைத் திருகிச் சரி செய்துகொள்வோம். நடை இரட்டிப்பு, கழுத்து வலியும் உண்டு. லாரி வரும் நாளில் வாடகை ஃபோர்க்லிஃப்ட், சிமெண்ட் தரையில் மட்டும். ஃபோர் வீல் டிரைவும், பின்னால் தொங்கவிட நல்ல கனமும், முறையான லோடரும் வைத்திருப்பவருக்கு முன்பக்கம் அருமையான சாமான்தான். அது என் டிராக்டர் இல்லை, அவ்வளவுதான்.

லோடர் தென்னை மரத்தடியில் கிடக்கிறது. சாட்சிப் பொருள், விற்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விலை கேட்டு வந்தார், அவரிடமும் டூ வீல் வண்டிதான். எடைமேடைச் சீட்டைக் காட்டி அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, கடைசி விலை எவ்வளவு?" என்றார்.