பக்லிடாக்ஸலைச் சுமக்க எது பொருத்தம்: மைசெல்லா, பிஎல்ஜிஏ துகளா?

கொழும்பிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு உறவினரைக் கூட்டிச் செல்பவர்கள் கவனித்திருப்பார்கள்: பக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுமுன் ஒவ்வாமையைத் தடுக்கவும் மருந்து கொடுப்பார்கள். பக்லிடாக்ஸல் நீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கும் ஆமணக்கெண்ணெய்வழிக் கரைப்பான்தான் அந்த ஒவ்வாமைக்குப் பெரிய காரணம்.

பொலிமர் மைசெல் என்பது பொலிமர் மூலக்கூறுகள் நீரில் தாமாகக் கூடி உருவாக்கும் நுண்ணிய உருண்டை. அதற்கு அந்தக் கரைப்பானே தேவையில்லை. உள்ளே நீரோடு சேராத பொலிலக்டிக் அமிலம், வெளியே நீரோடு ஒட்டும் பெக் (பொலிஎதிலீன் கிளைக்கோல்). மருந்து நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். தென்கொரியாவில் பாவனைக்கு வந்த ஜெனெக்ஸால்-பிஎம் என்ற பக்லிடாக்ஸல் மருந்து இந்த வகைதான். ஆனால் இரத்தத்தில் ஐதாகும்போது மைசெல் குலைந்து, மருந்து முன்கூட்டியே வெளியேறலாம்.

பிஎல்ஜிஏ என்பது லக்டிக், கிளைக்கோலிக் அமிலங்களால் ஆன பொலிமர். அதில் செய்த நனோதுகள், அதாவது மிக நுண்ணிய துகள், அப்படிச் சட்டென்று குலையாது. மெல்லச் சிதைந்து அந்த அமிலங்களாகும். மருந்தும் நாட்கணக்கில் கசியும். தொடக்கத்தில் மட்டும் ஒரு பங்கு ஒரேயடியாக வெளியேறும்.

பக்லிடாக்ஸலுக்கு நான் மைசெல்லையே தெரிவுசெய்வேன். நோயாளியின் கட்டில்வரை வந்துசேர்ந்தது அதுதானே.